ஒரே அமைப்பு, பல வேகங்கள்: மாதிரி டனல் படகின் சமநிலை பற்றிய விடைகளும் ஐயங்களும்

வேகப் படகு கட்டுவோர் ஏறத்தாழ நூறாண்டாக ஒரு கேள்வியோடு மல்லுக்கட்டி வருகிறார்கள். படகின் பாரத்தில் எவ்வளவை நீரிடமிருந்து எடுத்துக் காற்றின் மேல் ஏற்றலாம்? குறைவாக ஏற்றினால் நீரின் இழுவை வேகத்தைத் தின்றுவிடும். அளவு மீறினால் அணியம் மேலெழுந்து, படகு மல்லாந்து கவிழும். ரேடியோ கட்டுப்பாட்டில் ஓடும் மாதிரி டனல் படகு, கையில் தூக்கிச் செல்லக்கூடிய அளவில் அதே கேள்வியைச் சுமக்கிறது. அதைக் கட்டுவதும் சமன் செய்வதும் பற்றிக் கைவினைஞர்களும் பொறியாளர்களும் பந்தயக்காரர்களும் சொல்லிவந்த விடைகளை வரிசைப்படுத்தி, ஒவ்வொன்றும் எங்கே நிற்கிறது, எங்கே தடுக்கிறது என்று பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

டனல் அடி என்பது என்ன

சாதாரண விசைப்படகுக்கு ஒரே அடிப்பகுதி. டனல் படகுக்கு இருபுறமும் ஒடுங்கிய நீண்ட மிதவைகள். இவற்றை ஸ்பான்சன் என்பார்கள். இரண்டையும் இணைக்கும் மேற்தளத்துக்குக் கீழே, முன்னும் பின்னும் திறந்த ஒரு காற்றுவழி இருக்கும். படகு ஓடும்போது காற்று அதற்குள் புகுந்து, கூரைக்கும் நீர்ப்பரப்புக்கும் இடையே அழுத்தம் பெற்று, படகைத் தூக்குகிறது. பின்பலகையில் அவுட்போர்டு மோட்டார் தொங்கும். திசை திருப்ப மோட்டாரே திரும்பும்.

விசையின் அளவை ஒரு கணக்கால் உணரலாம். 80 செ.மீ. நீளமும் 19 செ.மீ. அகலமும் கொண்ட காற்றுவழி, 2.5 கிலோ எடையுள்ள படகு, ஏற்றுவிசைக் கெழு 0.3 என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 20 மீட்டர் வேகத்தில், அதாவது மணிக்கு 72 கி.மீ.யில், காற்று ஏறத்தாழ 1.1 கிலோ பாரத்தைத் தாங்கும். வேகம் நொடிக்கு 30 மீட்டரானால், அதே கோணத்தில் தாங்கும் பாரம் சுமார் 2.5 கிலோ, படகின் முழு எடையும் அதில் அடங்கிவிடுகிறது. ஏற்றுவிசை வேகத்தின் இருமடிப்படி வளர்வதால், மெதுவான வேகத்தில் அடக்கமாக ஓடிய படகு சற்று வேகம் கூடியதும் வேறொரு படகாகிவிடுகிறது.

எதிர்காற்றும் கணக்கில் சேர வேண்டும். நீரைப் பொறுத்து 20 மீட்டர் வேகத்தில் ஓடும் படகை நொடிக்கு 5 மீட்டர் எதிர்காற்று சந்தித்தால், நீரின் இழுவை மாறாது; காற்றின் ஏற்றுவிசையோ பாதிக்கு மேல் கூடிவிடும். நீள்வட்டப் பாதையின் ஒரு பக்கத்தில் அமைதியாக ஓடும் படகு மறுபக்கத்தில் துள்ளுவதன் காரணங்களில் இது முக்கியமானது.

ஹிக்மன் முதல் மொலினாரி வரை

அடிப்பகுதியைக் கவிழ்த்த ‘வி’ வடிவில் அமைத்து நடுவில் காற்றைப் பிடித்து வைக்கும் எண்ணத்துக்கு 1910களில் ஆல்பர்ட் ஹிக்மன் உருக்கொடுத்தார். அவருடைய ‘சீ ஸ்லெட்’ படகுகள் டனல் அடியின் முன்னோடிகளாகக் கருதப்படுகின்றன. பாதி நீரிலும் பாதி காற்றிலும் சுழலும் புரொப்பல்லரோடும் அவர் பெயர் இணைத்துப் பேசப்படுகிறது. இன்றைய மாதிரி டனல் படகு இவ்விரண்டு எண்ணங்களையும் நம்பியே ஓடுகிறது.

பந்தய உலகில் டனல் அடியை நிலைநிறுத்தியவர்களில் இத்தாலியின் கோமோ ஏரிக்கரையைச் சேர்ந்த மொலினாரி குடும்பம் தலையாயது. ஆஞ்சலோ மொலினாரி படகுகளை வடிவமைத்தார். அவர் மகன் ரெனாடோ, 1981இல் தொடங்கிய ஃபார்முலா 1 விசைப்படகு உலகப் போட்டியின் முதல் சாம்பியனானார். 1983, 1984 ஆண்டுகளிலும் பட்டம் அவருக்கே. அதே 1980களின் நடுவில் உயிரிழப்புகள் நேர்ந்தபின், ஓட்டுநரைச் சுற்றி உறுதியான கூண்டு அமைக்கும் வழக்கம் பரவியது. ஓட்டுநரைக் காப்பதில் அது பெரிய முன்னேற்றம். படகு ஏன் மேலெழுந்து புரள்கிறது என்பதற்கு அது விடையாகாது.

அந்தக் கேள்வியைப் பொதுமக்கள் அறியச் செய்த நிகழ்ச்சி அதற்கும் முந்தையது. 1967 ஜனவரி 4 அன்று இங்கிலாந்தின் கோனிஸ்டன் ஏரியில் டொனால்ட் கேம்பலின் ‘புளூபேர்ட் கே7’ அணியம் தூக்கி, பின்புறமாகப் புரண்டு உடைந்தது, அவர் உயிரிழந்தார். அது டனல் படகன்று, மூன்று இடங்களில் நீரைத் தொடும் ஹைட்ரோபிளேன். ஆனால் குறிப்பிட்ட கோணத்தைக் கடந்ததும் காற்றின் திருப்புவிசை எடையின் திருப்புவிசையை வென்றுவிடும் என்ற பாடம் இரண்டு வகைக்கும் பொது.

மாதிரிப் படகு உலகுக்கு டனல் அடி பரவலாக வந்தது 1970களின் பிற்பகுதியில். அமெரிக்காவின் கே அண்டு பி நிறுவனம் 3.5 சி.சி. அவுட்போர்டு எஞ்சினைச் சந்தைக்குக் கொண்டுவந்ததும், உண்மைப் படகின் அமைப்பையே சிறிய அளவில் கட்ட முடிந்தது. வட அமெரிக்காவில் நாம்பா, ஐ.எம்.பி.பி.ஏ. ஆகிய சங்கங்களும் ஐரோப்பாவில் நவிகாவும் எஞ்சின் அளவை வைத்துப் பிரிவுகள் வகுத்தன. பின்னர் பிரஷ்லெஸ் மோட்டாரும் லித்தியம் பாலிமர் பேட்டரியும் மின் படகுகளைக் களத்துக்குக் கொண்டுவந்தன.

முதல் விடை: எடை எங்கே இருக்கிறது

கரையோரப் பட்டறைகளில் அதிகம் கேட்கும் விடை ஈர்ப்பு மையம். பின்பலகையிலிருந்து முன்னோக்கி அளந்தால், படகின் நீளத்தில் 30 விழுக்காட்டை ஒட்டிய இடத்தில் படகு இரு விரல்களின் மேல் சமமாக நிற்க வேண்டும் என்பது பரவலான தொடக்க விதி. 80 செ.மீ. படகில் அது 24 செ.மீ. மையம் அதைவிடப் பின்னே போனால் அணியம் எளிதில் எழும். முன்னே வந்தால் படகு நீரோடு ஒட்டிக்கொண்டு, அலையில் மூக்கைக் குத்தும்.

இந்த விடையின் வலிமை அதன் எளிமை. அளக்கலாம், திருத்தலாம், அடுத்தவருக்குச் சொல்லலாம். மின் படகில் பேட்டரியைத் தட்டில் முன்பின் நகர்த்தினாலே போதும். ஆனால் எவ்வளவு நகர்த்தினால் எவ்வளவு மாறும் என்பதில் பலர் ஏமாறுகிறார்கள். 2.5 கிலோ படகில் 400 கிராம் பேட்டரியை 2 செ.மீ. நகர்த்தினால், மையம் நகர்வது 3 மி.மீ.க்குச் சற்று அதிகம் மட்டுமே. நீளத்தில் ஒரு விழுக்காடு மாற்றப் பேட்டரியை 5 செ.மீ. நகர்த்த வேண்டும். எரிபொருளில் ஓடும் படகில் இன்னொரு சிக்கலும் உண்டு: தொட்டி காலியாகக் காலியாக மையமும் நகரும். தொட்டியை மையத்துக்கு அருகிலேயே வைக்கச் சொல்வதன் காரணம் இதுதான்.

பலவீனம் வேறிடத்தில் இருக்கிறது. ஈர்ப்பு மையம் நின்ற நிலையில் அளக்கப்படுவது; படகு கவிழ்வதோ ஓட்டத்தில். காற்றின் ஏற்றுவிசை எங்கே குவிகிறது என்று தெரியாமல், எடை எங்கே குவிகிறது என்பது பாதி விடைதான்.

மேலே சொன்ன படகையே எடுத்துக்கொண்டு, புரொப்பல்லரின் பங்கை இப்போதைக்கு ஒதுக்கிவைப்போம். சாதாரண இறக்கைபோல ஏற்றுவிசை முன்விளிம்பிலிருந்து நீளத்தின் கால் பங்கில் குவிந்தால், 72 கி.மீ. வேகத்தில் படகு சமநிலையில் இருக்க, நீரின் தாங்குவிசை ஈர்ப்பு மையத்துக்கு 28 செ.மீ. பின்னால் அமைய வேண்டும். பின்பலகையோ 24 செ.மீ.யிலேயே முடிந்துவிடுகிறது. அதாவது அந்தக் கோணத்தில் சமநிலையே இல்லை. நீர்ப்பரப்புக்கு மேலே அடைபட்ட காற்றின் அழுத்தத்தால் ஏற்றுவிசை நீளத்தின் 40 விழுக்காட்டில் குவிந்தால், தேவையான இடம் மையத்துக்கு 19 செ.மீ. பின்னால், படகு ஓடும். எடையை ஒரு கிராம்கூட மாற்றாமல், காற்று பற்றிய ஊகத்தை மாற்றியதுமே விடை தலைகீழாகிவிட்டது.

இரண்டாவது விடை: அடியின் வடிவம்

வடிவத்தை முன்னிறுத்துவோர் இங்கிருந்து தொடங்குகிறார்கள். அவர்கள் பார்வையில் எடையை நகர்த்துவது நோய்க்குறிக்கு மருந்து; நோய் அடியின் கோணத்தில் இருக்கிறது. காற்றுவழிக் கூரை நீர்ப்பரப்போடு வைக்கும் கோணம், ஸ்பான்சனின் ஓட்டத் தளத்தோடு கூரை வைக்கும் கோணம், கூரையின் உயரம் ஆகிய மூன்றும் சேர்ந்தே ஏற்றுவிசையைத் தீர்மானிக்கின்றன. இவற்றில் பிழை இருந்தால் பேட்டரியை எங்கே வைத்தாலும் ஒரு வேகத்துக்கு மட்டுமே பொருந்தும்.

கட்டும் முறையில் இந்தக் கட்சியின் கண்டிப்பு தெரிகிறது. மெல்லிய பிர்ச் பிளைவுட்டும் எபாக்சி பசையும் கொண்டு கட்டுவோர், முழுத் தட்டையான பலகையின் மேல் சட்டம் அமைத்து, இரு ஸ்பான்சன்களையும் ஒரே அச்சில் ஒட்டுகிறார்கள். கண்ணாடி இழை, கார்பன் இழைப் படகுகளில் அச்சு அந்த வேலையைச் செய்கிறது. ஆனால் அச்சிலிருந்து எடுத்த படகும் சூட்டில் சற்றே முறுக்கிக்கொள்ளலாம். ஓட்டத் தளத்தின் மேல் நேரான இரும்பு அளவுகோலை வைத்துப் பார்ப்பது முதல் சோதனை. பின்முனைக்கு அருகே தளம் உட்குழிந்திருந்தால், அங்கே நீர் அழுத்தம் கூடிப் பின்புறத்தைத் தூக்கி அணியத்தை அழுத்தும். வெளியே குவிந்திருந்தால் பின்புறம் நீரோடு ஒட்டி, அணியம் எழும். படகு தவளைபோல் துள்ளத் தொடங்கும். தளத்தின் ஓரங்கள் கூர்மையாக இருக்க வேண்டும் என்பதிலும் ஒருமித்த கருத்து உண்டு: மழுங்கிய ஓரத்தைச் சுற்றி நீர் மேலேறி, ஈரப் பரப்பைக் கூட்டும்.

கருத்து பிரிவது ஸ்பான்சனின் ‘வி’ கோணத்தில். கோணம் அதிகமானால் அலையை மென்மையாக வெட்டும், வளைவில் பிடிமானம் தரும். ஆனால் நீரின் ஏற்றுவிசை குறையும். தட்டையான தளம் அமைதியான நீரில் வேகம் தரும், அலையில் தட்டி எகிறும். எந்தக் குளத்தில், எந்த நேரத்தில் ஓட்டப்போகிறோம் என்பதைச் சாராமல் இதற்கு விடை சொல்ல முடியாது.

இந்த விடைக்குப் பின்பலமாக வரும் கோட்பாடு, நீரை ஒட்டிப் பறக்கும் ஊர்திகளின் ஆய்விலிருந்து கிடைத்தது. 1960களில் சோவியத் ஒன்றியத்தில் ரஸ்திஸ்லாவ் அலெக்ஸேயெவ் கட்டிய எக்ரானோபிளேன்கள் இதே தொல்லையைச் சந்தித்தன. பரப்பை ஒட்டி ஓடும் இறக்கையில், கோணம் மாறும்போது கூடும் விசை ஓரிடத்திலும், உயரம் மாறும்போது கூடும் விசை வேறிடத்திலும் குவிகின்றன. உயரத்துக்கான புள்ளி கோணத்துக்கான புள்ளியைவிட முன்னால் இருந்தால்தான் ஊர்தி நிலையாக இருக்கும் என்பது இரோடொவ் பெயரால் வழங்கும் விதி. டனல் படகுக்கு இது வழிகாட்டும். ஆனால் முழுதும் பொருந்துமா என்பது ஐயம். எக்ரானோபிளேனுக்கு எட்டத்தில் வால் உண்டு, நீர்த் தொடர்பு இல்லை. டனல் படகுக்கு வால் இல்லை, நீர்த் தொடர்பு விட்டுவிட்டு உண்டு.

மூன்றாவது விடை: மோட்டாரும் புரொப்பல்லரும்

மூன்றாம் தரப்பினர், முடிந்துபோன படகில் மாற்றக்கூடியதைப் பற்றிப் பேசுகிறார்கள். மோட்டாரின் உயரம், அதன் சாய்வு, புரொப்பல்லரின் வடிவம் ஆகியவை அவை. மோட்டாரை உயர்த்தினால் கீழ்ப்பகுதி நீரில் இழுபடுவது குறைந்து வேகம் கூடும். அளவு கடந்தால் வளைவில் புரொப்பல்லர் பிடி தளர்ந்து வீணாகச் சுற்றும். உந்துகோட்டைச் சற்று மேல்நோக்கிச் சாய்த்தால் அணியம் எழும். கீழ்நோக்கிச் சாய்த்தால் அழுந்தும்.

புரொப்பல்லரும் ஒரு தாங்குபுள்ளியே. பாதி வெளியே சுழலும் புரொப்பல்லர் முன்னோக்கித் தள்ளுவதோடு பின்புறத்தைத் தூக்கவும் செய்கிறது. எவ்வளவு என்பது இலையின் வளைவையும் விளிம்பின் மடிப்பையும் பொறுத்தது. முன் கணக்கில் ஒதுக்கிவைத்த விசை இதுதான். மாதிரிப் படகினர் அதிகம் பயன்படுத்தும் ஆக்டுரா வரிசையில் எக்ஸ் 442 என்றால் விட்டம் 42 மி.மீ.; புரியிடைத் தூரம் அதன் 1.4 மடங்கு, ஏறத்தாழ 59 மி.மீ. ஒரே எண்ணுள்ள இரண்டு புரொப்பல்லர்களும், ஒன்றைச் சற்று வேறுவிதமாகக் கூர்தீட்டினால், படகை வேறுவேறாக ஓட்டும்.

புரொப்பல்லரைச் சமன் செய்வது தனிக் கலை. மையத்திலிருந்து 20 மி.மீ. தள்ளி ஒரு கிராமில் பத்தில் ஒரு பங்கு எடை கூடுதலாக இருந்தால், நிமிடத்துக்கு 25,000 சுற்றில் அது அச்சை 13 நியூட்டனுக்கு மேல் இழுக்கும், 1.4 கிலோ எடையை அச்சில் தொங்கவிட்டு ஒவ்வொரு சுற்றிலும் திசைமாற்றுவதற்கு ஒப்பு. தாங்கி தேய்வதும் ரேடியோ இணைப்பு தளர்வதும் இதன் விளைவுகள். பெரிலியம் செம்பு புரொப்பல்லரைத் தேய்க்கும்போது எழும் தூள் நுரையீரலுக்கு நஞ்சு என்பதால், நீரில் நனைத்துத் தேய்ப்பதும் முகக்கவசம் அணிவதும் கட்டாயம்.

இந்தத் தரப்பின் குறை, அதன் விடைகள் ஒன்றையொன்று சார்ந்திருப்பது. மோட்டாரை உயர்த்தினால் புரொப்பல்லரின் தூக்குவிசை மாறும். அதனால் சாய்வு மாற வேண்டும். சாய்வு மாறினால் எடைப்புள்ளியும் திருத்தம் கேட்கும். ஒருநேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் நல்ல பழக்கம்கூட, மூன்றும் பின்னிக் கிடக்கும் இடத்தில் பொய்யான முடிவுக்கு இட்டுச் செல்லக்கூடும்.

இடவலச் சமநிலை

முன்பின் சமநிலை பற்றிய விவாதத்தில் பக்கவாட்டுச் சமநிலை பின்தள்ளப்படுகிறது. பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும் புரொப்பல்லர், படகை இடப்புறமாகச் சாய்க்க முயலும். 1,000 வாட் திறனும் 25,000 சுற்றும் கொண்ட நேரடி இணைப்பில் இந்த எதிர்முறுக்கு 0.38 நியூட்டன் மீட்டர். 400 கிராம் பேட்டரியால் மட்டும் அதை ஈடுகட்ட, அதை வலப்புறம் ஏறத்தாழ 10 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். 35 செ.மீ. அகலப் படகில் அது சிறிய தூரமன்று.

முறுக்கோ விசையைக் கூட்டும்போது மட்டும் முழுதாக வரும். பேட்டரியின் எடை எப்போதும் இருக்கும். அதனால் எடையால் ஈடுகட்டிய படகு, விசை குறைந்ததும் வலப்புறம் சாயும். வட அமெரிக்கப் பந்தயப் பாதைகளில் படகுகள் வலஞ்சுழியாகச் சுற்றுகின்றன, வளைவெல்லாம் வலப்பக்கம். அந்தச் சாய்வு வளைவில் உதவியாகவும் இருக்கலாம், இடையூறாகவும் இருக்கலாம். மோட்டாரைப் பக்கவாட்டில் சற்று நகர்த்துவது, ஒரு ஸ்பான்சனின் தளத்தை மட்டும் நுண்ணளவில் திருத்துவது, திருப்புத் தகடு பொருத்துவது ஆகிய மாற்றுவழிகள் ஒவ்வொன்றுக்கும் ஆதரவாளர்கள் உண்டு. எது சிறந்தது என்பதில் உடன்பாடு ஏற்பட்டதாகத் தெரியவில்லை.

பெரிய படகின் பாடம் சிறிய படகுக்கு எவ்வளவு பொருந்தும்

மாதிரிப் படகினர் பெரிய படகின் அமைப்பைப் பார்த்தே கட்டத் தொடங்குகிறார்கள். படகின் வேகத்தை அதன் நீளத்தோடு ஒப்பிடும் ஃப்ரூட் எண்ணின்படி அது நியாயமே. 6 மீட்டர் நீளமுள்ள ஃபார்முலா 1 படகு மணிக்கு 216 கி.மீ.யில் ஓடுவதும், 80 செ.மீ. மாதிரி மணிக்கு 79 கி.மீ.யில் ஓடுவதும் அலையியலில் ஒரே நிலை. மாதிரிகள் அந்த வேகத்தை எட்டக்கூடியவை.

வேறுபாடுகள் மூன்று. ஓட்டுநரோடும் எரிபொருளோடும் அரை டன் அளவுள்ள பெரிய படகை அதே விகிதத்தில் சுருக்கினால் மாதிரியின் எடை 1.2 கிலோவை ஒட்டி வர வேண்டும். நடைமுறை மாதிரி அதைப்போல் இருமடங்கு. ஆகவே சமமான வேகத்தில் மாதிரி குறைவாகவே காற்றில் மிதக்கிறது; பெரிய படகின் கூரைக் கோணத்தை அப்படியே எடுத்தாள முடியாது. அடுத்தது காலம்: மாதிரியில் எல்லாமே சுமார் 2.7 மடங்கு விரைவாக நடக்கும். அணியம் எழுவதைக் கண்டு கை விசையைக் குறைக்க 0.2 நொடி ஆனால், பெரிய படகு அதற்குள் இரண்டு படகு நீளம் கடக்கும். மாதிரி ஐந்து நீளம் கடந்துவிடும்.

மூன்றாவதுதான் அடிப்படையானது. பெரிய படகின் ஓட்டுநர் நேர்ப்பாதையில் ஒரு சாய்வும் வளைவில் ஒரு சாய்வுமாக மோட்டாரைப் பொத்தானால் மாற்றிக்கொண்டே இருக்கிறார். இருக்கையின் அசைவிலேயே படகின் நிலையை உணர்கிறார். மாதிரியில் மோட்டாரின் சாய்வு பெரும்பாலும் கரையிலேயே திருகி இறுக்கப்படுகிறது. ஓட்டுபவர் தொலைவிலிருந்து கண்ணால் மட்டும் பார்க்கிறார். கிளம்பும் வேகம், வளைவின் வேகம், எதிர்காற்றில் முழு வேகம் ஆகிய எல்லாவற்றுக்கும் ஒரே அமைப்பு ஈடுகொடுக்க வேண்டியிருக்கிறது.

கணக்கீட்டின் பங்கு

கணக்கிட்டே தீர்வு காணலாம் என்ற நம்பிக்கைக்கு, ஜிம் ரஸ்ஸலின் ‘சீக்ரெட்ஸ் ஆஃப் டனல் போட் டிசைன்’ நூலும் அதையொட்டி அவர் உருவாக்கிய கணினி நிரலும் நல்ல எடுத்துக்காட்டுகள். ஒவ்வொரு வேகத்திலும் காற்றும் நீரும் பங்கிடும் பாரத்தைத் தனித்தனியே கணித்து, சமநிலைக் கோணத்தைத் தேடுவது இந்த அணுகுமுறை. பட்டறை விதிகள் ஒரு புள்ளியைச் சொல்லும் இடத்தில், இது வேகத்தோடு நகரும் ஒரு கோட்டைத் தருகிறது. அதன் எல்லையும் அங்கேயே தெரிகிறது: அமைதியான நீரில் சீரான ஓட்டத்தையே அது நன்றாகக் கணிக்கும். முன்னே செல்லும் படகு கிளப்பிவிட்ட அலையில் ஒரு ஸ்பான்சன் மட்டும் தூக்கப்படும் கணத்தை எளிய சமன்பாட்டில் அடக்குவது கடினம். மாதிரிப் படகுகள் கவிழ்வதோ பெரும்பாலும் அத்தகைய கணங்களில்.

படகில் வைக்கும் சிறிய ஜி.பி.எஸ். கருவி வேகத்தைப் பதிவு செய்கிறது. வேகம் மட்டும் போதாது. அணியத்தின் கோணமும் சாய்வும் அதோடு சேர்த்துப் பதிவானால்தான் மூன்று தரப்பின் வாதங்களையும் ஒரே தராசில் நிறுக்க முடியும்.

மதிப்பீடு

சில முடிவுகள் ஓரளவு உறுதியானவை. ஓட்டத் தளம் நேராகவும் ஓரம் கூர்மையாகவும் இருக்க வேண்டும். ஈர்ப்பு மையத்துக்கான 30 விழுக்காட்டு விதி தொடங்குவதற்கு நல்ல இடம். அதையே முடிவாகக் கொள்வதற்கு ஆதாரம் இல்லை. புரொப்பல்லரைச் சமன் செய்வதில் செலவிடும் நேரம் வீண்போவதில்லை.

மூன்று தரப்பினரும் ஒருவரையொருவர் மறுப்பதாகத் தோன்றினாலும், அவர்கள் பேசுவது ஒரே சமன்பாட்டின் வேறுவேறு உறுப்புகளைப் பற்றி என்று கொள்வதே பொருத்தமாகப் படுகிறது. எடை வேகத்தோடு மாறுவதில்லை. காற்றின் விசை வேகத்தின் இருமடிப்படி வளர்கிறது. புரொப்பல்லரின் விசை கைவிசையைப் பொறுத்து ஏறி இறங்குகிறது. ஒரு வேகத்தில் இவற்றைப் பொருத்துவது கைத்திறன். எல்லா வேகத்திலும் பொருத்துவது, நிலையான அமைப்பை மட்டும் கொண்டு, கொள்கையளவிலேயே இயலாததாக இருக்கலாம். அப்படியானால் நல்ல அமைப்பு என்பது எந்த வேகத்தில் எவ்வளவு குறையைப் பொறுத்துக்கொள்வது என்ற தெரிவாகிறது. பந்தயப் பாதை, காற்று, ஓட்டுபவரின் கை ஆகியவற்றுக்கேற்ப அந்தத் தெரிவும் வேறுபடும்.

திறந்தே இருக்கும் கேள்விகள் மூன்று. மாதிரி அளவில், நீர்ப்பரப்புக்கு மேல் ஓடும் காற்றுவழியில் ஏற்றுவிசை எந்த இடத்தில் குவிகிறது, வேகத்தோடு அது எப்படி நகர்கிறது? ஒரு ஸ்பான்சன் மட்டும் நீரை விடும் கணத்தில் முன்பின் சமநிலையும் இடவலச் சமநிலையும் எப்படிப் பிணைகின்றன? ஓட்டத்திலேயே கோணத்தை உணர்ந்து திருத்தும் மின்னணுக் கருவி வந்தால், அதை அனுமதிப்பதா கூடாதா? முதலிரண்டும் அளவீட்டால் தீரக்கூடியவை. மூன்றாவது சங்கங்கள் தீர்மானிக்க வேண்டியது. கரையில் திருகி இறுக்கிய அமைப்போடும் கண்ணும் கையும் கொண்டும் ஓட்டுவதே இந்தப் போட்டியின் பொருள் என்று கருதுவோருக்கு, கருவி தரும் சமநிலை ஏற்புடையதாக இராது.